பதில் மட்டும் போய்ச் சேரவில்லை

வெளிநாட்டு அழைப்புக்கென்று வைத்திருந்த தொலைபேசி ஒலித்ததும் விதுஷா நாற்காலியை இடித்துக்கொண்டு எழுந்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"ஹலோ, சொல்லுங்க. நான் விதுஷா பேசுறேன்."

"ஹலோ? அக்கா, கேக்குதா?"

இளம்பெண்ணின் குரல். யாருக்கோ பயந்து அடக்கிப் பேசினாள். ஆனாலும் பக்கத்து அறையில் நின்று பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"கேக்குது தங்கச்சி. நல்லாக் கேக்குது. தினுஷாதானே? எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"ஹலோ? என்னமோ கரகரன்னு வருது. யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேன். நான் இருக்கேன் தினுஷா." விதுஷா மேசைமேல் குனிந்து, கருவிக்குள்ளேயே முகத்தைப் புதைத்துவிடுவதுபோல் கத்தினாள்.

"யாருமே பேச மாட்டேங்கறீங்க. நாளைக்கு என்னய வேற வீட்டுக்கு அனுப்புறாங்க. எந்த ஊருன்னு தெரியாது. அங்க போன் இருக்குமான்னும் தெரியாது. இவங்க வெளிய போயிருக்காங்க, திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சா இன்னொரு தடவ எடுக்குறேன். அதுக்கு மேல முடியாது."

தொடர்பு அறுந்தது. விதுஷா உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

விதுஷா வரவழைத்திருந்த நிரஞ்சனி ஜன்னலோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையைப் பல வருடம் பார்த்துவிட்டு, மாத்தளையில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். அழுகிறவர்களை உடனே தேற்றப் போகக்கூடாது என்பது அந்த வேலையில் பழகியது. அழுகை தானாக அடங்கும்போதுதான் உபயோகமான பேச்சு வரும்.

அவளுடைய உதவியாளன் ஸுஹைலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. "மேடம், ஜும்ஆ தொழுகை முடிஞ்சு நேரா இங்க வந்தேன். இன்னும் சாப்பிடல்ல. ஆனா இதக் கேட்ட பிறகு பசிக்குதுன்னு சொல்லவும் வெக்கமா இருக்கு."

"அப்ப சொல்லாத," என்றாள் நிரஞ்சனி.

அவளுடைய கைத்தொலைபேசி அதிர்ந்தது. கமலாட்சி டீச்சர்.

"வந்துட்டீங்களா மேடம்? நான் மாத்தளை அம்மன் கோயில்ல நிக்கிறேன். வெள்ளிக்கிழமைன்னா வராம இருக்க மாட்டேன். விதுஷாவக் கொஞ்சம் பாத்துக்குங்க. இப்படி அழுதா அவளுக்கு மூக்குல ரத்தம் வரும். தண்ணி குடுங்க."

நிரஞ்சனி நன்றி சொல்லி வைத்தாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

உக்குவளைக் கடைத்தெருவில், ஒரு துணிக்கடையின் மாடியில் இயங்கியது அந்த உதவி நிலையம். அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போய்ச் சிக்கிக்கொண்ட பெண்கள் எந்த நேரத்திலும் அழைக்கலாம். ஆரம்பித்தவர் கமலாட்சி. தானும் அப்படி ஒரு வீட்டிலிருந்து, கையில் இஸ்திரிப் பெட்டியின் தழும்போடு தப்பி வந்தவர். திரும்பி வந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை நடத்தியதால் ஊருக்கே டீச்சர். கீழே உள்ள துணிக்கடை அவருடைய ஒரே தம்பி சசிக்குமாருடையது. மாடியை அக்காவின் நல்ல காரியத்துக்கென்று சும்மா விட்டுக்கொடுத்திருந்தான்.

விதுஷாவின் தாய் வெளிநாடு போய் வராமலே போனவள். அன்றிலிருந்து விதுஷாவை வளர்த்தவர் டீச்சர்தான்.

"மொதல் தடவ தினுஷா கோல் எடுத்தப்ப டீச்சர்தான் பேசினாங்க," என்றாள் விதுஷா, மூக்கைத் துடைத்தபடி. "பேர் மட்டும் சொன்னாளாம், அதுக்குள்ள கட்டாயிருச்சாம். அதுக்குப் பிறகு வெள்ளிக்கிழமைல மட்டும்தான் எடுக்குறா. வீட்டுக்காரங்க தொழுகைக்குப் போயி, அப்படியே சொந்தக்காரங்க வீட்ல சாப்பிட்டுட்டு வருவாங்கபோல. நம்பர் விழாது. ஒவ்வொரு தடவயும் இதே கததான். அவளோட அம்மா பாப்பம்மா தோட்டத்துல இருந்து எறங்கி வந்து கேக்குறாங்க. நான் என்ன சொல்ல? உன் குரல் சின்னது, நீ கொஞ்ச நாள் ஓய்வெடுன்னு டீச்சர் சொன்னாங்க. எனக்கே என் குரல் மேல சந்தேகம் வந்துருச்சு மேடம்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல ஒரு கரைச்சலும் இல்ல. நேத்துக்கூட ஒரு அக்காகிட்ட ரொம்ப நேரம் பேசினேன்."

ஸுஹைல் கூடத்தை எட்டிப் பார்த்தான். காத்திருப்பவர்களுக்காக வைத்த தொலைக்காட்சியில் இணையத்திலிருந்து ஒரு சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கொத்துரொட்டி. ஒரு இடத்திலும் படம் நிற்கவில்லை.

"இந்த போனும் இன்டர்நெட்லதான் ஓடுது, ஆனா இன்டர்நெட்ல ஒரு பிழையும் இல்ல மேடம். பாருங்க, முட்ட ஊத்துறது வரைக்கும் துல்லியமா தெரியுது. என்னைய வதைக்கணும்னே ஓடுது."

"அந்தப் படம் எங்க இருந்து எங்க வருது?"

"வெளிய இருந்து உள்ளுக்கு."

"தினுஷா பேசினது?"

"அதுவும் வெளிய இருந்து உள்..." ஸுஹைல் நிறுத்தினான். "விதுஷா பேசினதுதான் உள்ள இருந்து வெளிய போகணும். அதுதான் போகல்ல."

"உள்ள வர்றதெல்லாம் சுத்தமா வருது. வெளிய போற வழிதான் அடச்சிருக்கு. அதுவும் வெள்ளிக்கிழமைல மட்டும். குரலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல விதுஷா."

விதுஷா நிமிர்ந்து பார்த்தாள்.

மூலையில், சுவரில் அறைந்த தட்டின்மேல் ஒரு தட்டையான பெட்டி பச்சை விளக்குகளோடு சிமிட்டிக்கொண்டிருந்தது. அலுவலகத்தின் தொலைபேசிகள், கணினிகள், கெமராக்கள் எல்லாவற்றின் வயர்களும் அதில்தான் வந்து சேர்ந்தன. ஸுஹைல் தன் மடிக்கணினியைச் செருகிப் பார்த்தான்.

"இது சும்மா பெட்டி இல்ல, மேடம். மெனேஜ்ட் ஸ்விட்ச். எந்த வயர்ல வர்றது முந்திப் போகணும், எது பிந்திப் போகணும்னு இதுக்குச் சொல்லிக் குடுக்கலாம். ஆனா பாஸ்வேர்ட் கேக்குது."

விதுஷா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். பெட்டி ஏற்கவில்லை.

"இதக் கொண்டு வந்து பூட்டினது அன்ஸாப். முந்தி இங்க வேல செஞ்சவரு. டீச்சரோட கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அவருதான் போறப்ப ஏதாச்சும் செஞ்சுட்டுப் போயிருப்பாருன்னு டீச்சர் சொல்றாங்க. இப்ப பலாபத்வலயில கெமரா பூட்டுற கடை வச்சிருக்காரு."

நிரஞ்சனி தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு திரும்ப எடுக்குறதுக்குள்ள வந்துடுவோம். நீங்க இந்த எடத்த விட்டு அசையாதீங்க."

ஸுஹைல் பைக்கை மாத்தளை நகருக்குள் விட்டு, யாழ்ப்பாண வீதியில் ஏற்றினான். வழியில் ஒரு பேக்கரியைக் கடந்தபோது மட்டும் அவன் தலை ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பியது. நிரஞ்சனி பின்னாலிருந்து முதுகில் தட்டினாள்.

"நான் விலாசம் பாத்தேன் மேடம்."

"மாலு பணிஸ் அலுமாரில என்ன விலாசம்?"

பலாபத்வலயில், ஒரு ஹார்ட்வெயார் கடை வாசலில் ஏணிமேல் நின்று கெமரா பூட்டிக்கொண்டிருந்தான் அன்ஸாப். முப்பதைத் தாண்டியவன். உக்குவளை என்ற சொல்லைக் கேட்டதும் ஸ்க்ரூட்ரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

"டீச்சர் அனுப்பினாவா? இன்னும் என்ன பழி மிச்சம் இரிக்கி?"

"நாங்க விதுஷாவுக்காக வந்தோம்," என்ற நிரஞ்சனி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். அன்ஸாப் கேட்கக் கேட்க அவன் முகத்தில் இருந்த கோபம் குறைந்து குழப்பம் ஏறியது.

"அந்த லைன்ல வெளிய போற வழி ஒடுக்கம் மிஸ். எல்லாமா சேந்து தள்ளினா நெரிஞ்சு போகும். அதுக்குத்தான் அந்த ஸ்விட்ச வாங்க வச்சேன். வெளிய போற வயர் குத்துற போர்ட்டுக்கு, லைன் தாங்குற அளவுக்கு ஒரு எல்ல போட்டேன். அப்பதான் யாரு முந்திங்கிற முடிவு ஸ்விட்சோட கையில இரிக்கும். வெளிநாட்டு போன் பூட்டின போர்ட்ட எல்லாத்துக்கும் முந்தி வச்சேன். கெமரா பெட்டியோட போர்ட்ட எல்லாத்துக்கும் கடைசியா வச்சேன். அழுதுகொண்டு கோல் எடுக்குற புள்ள காத்திருக்க ஏலாது. கெமரா படம் காத்திருக்கலாம்."

"அதை யாரோ தலைகீழாக்கிட்டாங்க," என்றாள் நிரஞ்சனி.

"ஆக்கினாலும் எல்லா நாளும் தெரியாதே. வழி காலியா இரிந்தா பிந்தினவனும் சும்மா போவான். வழி நெறஞ்சாத்தான் கடைசியில நிக்கிறவன் மாட்டுவான்."

"அந்த ஒஃபிஸ்ல இருந்து வெளிய போற கனமான சாமான் என்ன இருக்கு?" என்று கேட்டான் ஸுஹைல்.

"கெமராதான். வேற ஒண்ணுமில்ல. அதுவும் எந்த நேரமும் போகாது. ஒஃபிஸுக்கு வெளிய இருந்து யாராச்சும் போன்ல தொறந்து பாத்தா மட்டும்தான். எல்லா கெமராவையும் ஒண்ணாத் தொறந்து, நல்ல தெளிவுல வச்சா வழி முழுக்க நெறஞ்சிரும்."

நிரஞ்சனி வீதிப் பக்கம் திரும்பினாள். தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறி ஒன்று கடந்தது.

"ஸுஹைல், நாம அங்க நின்னப்ப டீச்சர் எனக்குக் கோல் எடுத்தாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா? விதுஷா இப்படி அழுதா மூக்குல ரத்தம் வரும், தண்ணி குடுங்கன்னு."

"நல்ல மனுசி."

"கோயில்ல நிக்கிறவங்களுக்கு, விதுஷா அழுறது எப்படித் தெரியும்?"

ஸுஹைல் அன்ஸாப்பின் பக்கம் திரும்பினான்.

அன்ஸாப் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். "கெமராவ வெளிய இருந்து பாக்குற வசதி டீச்சர்ட போன்ல மட்டும்தான் நான் போட்டுக் குடுத்தேன். வேற யாருக்கும் இல்ல. ஸ்விட்ச் வேலையும் சொல்லித் தா தம்பின்னு பக்கத்துல கதிரைய இழுத்துப் போட்டு இரிந்து படிச்சா. இந்த வயசுல இப்படிப் படிக்கிறாங்களேன்னு எனக்குப் பெருமையா இரிந்திச்சு. ஒருநாள் கேட்டா, கெமராவ முந்தி வச்சு போன கடைசியில வச்சா என்னாகும்னு. நான் சிரிச்சேன். கெமரா பாக்குறப்ப நம்ம சத்தம் வெளிய போகாது, அப்படி யாரும் செய்ய மாட்டாங்க டீச்சர்னு சொன்னேன். கொஞ்ச நாள்ல என்னைய வேணாம்னுட்டா."

"பாஸ்வேர்ட் இல்லாம இதைத் திருத்த முடியுமா?"

"அடிச்சுத் தொடச்சு மறுபடி போடணும். நேரம் எடுக்கும்." அன்ஸாப் சட்டென்று தலையை உயர்த்தினான். "ஏன் திருத்தணும்? முந்தி பிந்தி எல்லாம் போர்ட்டுக்குத்தானே மிஸ், சாமானுக்கு இல்லையே. போன் வயரையும் கெமரா வயரையும் கழட்டி ஆளுக்காள் மாத்திக் குத்துங்க. வேல முடிஞ்சுது."

உக்குவளைக்குத் திரும்பியபோது விதுஷா சொன்னபடி அசையாமல் இருந்தாள். நிரஞ்சனி சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு எழுந்து கதவைக் காட்டினாள்.

"நீங்க போயிட்டு வாங்க மேடம்."

"விதுஷா."

"நான் அழுதா ரத்தம் வரும்னு டீச்சருக்குத் தெரியும். அதுக்குக் கெமரா வேணுமா? எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராப்பகலா மடியில போட்டு வச்சிருந்தவங்க அவங்க. அந்தாளு வேல போன கோவத்துல சொல்றான், நீங்க வந்து என்கிட்ட ஒப்பிக்கிறீங்க."

"நான் சொல்றத நம்ப வேணாம். அன்ஸாப் சொல்றதையும் நம்ப வேணாம். ரெண்டு வயர மாத்துறோம். நாங்க சொல்றது உண்மைன்னா ரெண்டு விஷயம் நடக்கணும். உங்க குரல் போய்ச் சேரும். அதே நேரம், பாத்துக்கிட்டு இருக்குற ஆளுக்குப் படம் நின்னுரும். ஒண்ணுமே நடக்கலன்னா உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

விதுஷா விலகி மூலைக்கு வழிவிட்டாள். ஸுஹைல் மூலைக்குப் போய் இரண்டு வயர்களையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினான். விளக்குகள் அணைந்து மீண்டும் எரிந்தன.

பிறகு மூவரும் காத்திருந்தார்கள். ஸுஹைல் கூடத்துத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்தான். கீழே கடைத்தெருவில் யாரோ மைக்கில் லொத்தர் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். கண்டிப் பக்கம் போகும் ரயில் ஒருமுறை கூவியது. விதுஷா தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது ஒலித்தது.

"ஹலோ," என்றாள் விதுஷா. இந்த முறை கத்தவில்லை. "தினுஷா, நான் விதுஷா பேசுறேன்."

மறுமுனையில் மூச்சு தடுமாறியது.

"அக்கா. நீங்க பேசுறது கேக்குது."

விதுஷா அடுத்த வார்த்தையைத் தேடும்போதே மேசைமேல் கிடந்த அவளுடைய கைத்தொலைபேசி அதிர்ந்து சுழன்றது. திரையில் டீச்சர் என்று விழுந்தது. விதுஷா அதையும் நிரஞ்சனியையும் மாறி மாறிப் பார்த்தாள். நிரஞ்சனி அதை எடுத்துக் காதில் வைத்தாள், பேசவில்லை.

"விதுஷா, கெமரா எல்லாம் அப்படியே நின்னு போச்சே, ஏன்? லைன் கட்டாயிருச்சா? யாரு கோல்ல?" கமலாட்சியின் குரல் கைத்தொலைபேசிக்கு வெளியேயும் சன்னமாகக் கசிந்தது. விதுஷாவுக்குக் கேட்டது. நிரஞ்சனி இணைப்பைத் துண்டித்தாள்.

விதுஷா கண்களை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"சொல்லு தினுஷா," என்றாள். "எங்க இருக்கே?"

பெண் சொன்னாள். ஊரின் பெயர், பெரிய மருந்துக்கடை, அதன் பின்னால் பச்சை இரும்புக் கதவு போட்ட வீடு, வீட்டுக்காரரின் பெயர். நிரஞ்சனி கேட்கக் கேட்க, கொழும்பில் இந்த விஷயங்களைக் கவனிக்கும் ஓர் அதிகாரிக்குத் தன் தொலைபேசியில் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். உடனே வந்த பதிலை விதுஷாவிடம் காட்டினாள். தூதரகத்துக்குச் சொல்கிறோம், இன்றே ஆள் போகும், பெண்ணின் வயது என்ன.

"உனக்கு எத்தன வயசு?" என்று கேட்டாள் விதுஷா.

"பதினேழு. பாஸ்போட்ல வேற போட்டிருக்கு. துணிக்கடை சசிக்குமார் அண்ணன்தான் வயசக் கூட்டிப்போட்டு எடுத்து என்னய அனுப்பி வச்சாரு. அக்கா, இதெல்லாம் மொதல் தடவயே டீச்சர்கிட்ட சொன்னேனே. வெள்ளிக்கிழமை மட்டும் எடு, அண்ணன் பேர வேற யார்கிட்டயும் சொல்லாத, நான் பாத்துக்குறேன்னு டீச்சர் சொன்னாங்க. அவங்க உங்களுக்குச் சொல்லலையா?"

படிக்கட்டில் வேகமான காலடிகள். மாத்தளைக் கோயிலிலிருந்து உக்குவளைக்கு யாரும் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட முடியாது. கீழே, தம்பியின் துணிக்கடையிலிருந்து வருவதானால் முடியும்.

கமலாட்சி வாசலில் வந்து நின்றார். நெற்றியில் திருநீறு இல்லை. கையில் தொலைபேசி, அதன் திரையில் உறைந்துபோன ஒரு படம். ஸுஹைல் நகர்ந்து வழிவிட்டான். அவர் உள்ளே வரவில்லை.

"டீச்சர் அங்க இருக்காங்களா அக்கா?" என்றது ஸ்பீக்கர். "ஒரு வார்த்த பேசணும். டீச்சர் இருக்காங்க, எப்படியாவது எடுத்துருவாங்கன்னு நெனச்சுத்தான் இவ்வளவு நாளும் தாங்கிக்கிட்டு இருந்தேன்."

விதுஷா ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ரிசீவரைக் கையில் எடுத்தாள். வாய்ப்பகுதியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அதை வாசலை நோக்கி நீட்டினாள்.

கமலாட்சி அதைப் பார்த்தார். கை பாதிவரை உயர்ந்தது. "என் தம்பி ஜெயிலுக்குப் போயிருவான் விதுஷா," என்றார், காற்றுப் போலத்தான் சத்தம் வந்தது. "நானே பேசி, சத்தமில்லாம அந்தப் புள்ளயத் திருப்பி எடுக்கலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. எனக்குக் கொஞ்சம் நாள்தான் வேண்டியிருந்திச்சு."

"என் குரல் சின்னதுன்னு சொன்னீங்களே டீச்சர்."

கமலாட்சியின் உயர்ந்த கை இறங்கியது.

விதுஷா இன்னும் சற்று நேரம் ரிசீவரை நீட்டியபடியே நின்றாள். மறுமுனையில் அந்தப் பெண் "ஹலோ, ஹலோ" என்று தேடுவது மெல்லக் கேட்டது. அவள் அதைத் தன் காதுக்குக் கொண்டுவந்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"டீச்சர் இங்க இல்ல தினுஷா," என்றாள். "நான் இருக்கேன். இன்னிக்கே ஆள் வருவாங்க. அவங்க பச்சக் கதவத் தட்டுற வரைக்கும் நீ கவனமா இருக்கணும். என்ன செய்யணும்னு சொல்றேன், கேளு."